தாழ்ப்பாள்

மகள் ரூத்தின் வகுப்பாசிரியர் மெர்வின் சார் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மார்க்கெட்டில் மூட்டை இறக்கி முடித்து, வியர்வைச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"பிள்ளை முதல் பீரியடிலேயே தூங்கிருது ராயப்பண்ணே. நேத்து பெஞ்சிலருந்து விழுந்து உதடு கிழிஞ்சிருச்சு. ராத்திரி போன் பாக்குதோ?"

"போனைப் புடுங்கி வச்சுப் பல நாளாச்சு சார். எம்பிள்ளை வெள்ளன மூணு மணிக்கே எந்திரிச்சுப் படிக்கும்" என்றேன் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "படுக்கிறது?"

"டியூசன் முடிஞ்சு, எழுதி முடிக்கப் பதினொண்ணாகும்."

"இந்த வயசுல எட்டு மணி நேரமாச்சும் தூங்கணும்ணே. மூணு மணிக்கு யாரு எழுப்புறது?"

எழுப்புகிறவன் நான்தான்.

என் மனைவி மரியம்மாள் ஆஸ்பத்திரியில் ராத்திரித் துப்புரவு வேலைக்குப் போகிறவள். ஆனையூரிலிருந்து மூணு மணிக்கு சைக்கிளை மிதித்தால்தான் முதல் லாரி எனக்குக் கிடைக்கும். பிள்ளை தனியாக இருக்குமே என்று, உசுப்பி, உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். "எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, அப்படியே புஸ்தகத்தை எடு" என்பேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். விளக்கு எரிகிற வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். மார்க்கெட்டில் கூட மூட்டை தூக்கும் அழகுபாண்டியிடம் அதைச் சொல்லி அளப்பேன்.

"கலெக்டரோட அப்பாவுக்கு ஒரு டீ போடுங்கப்பா" என்று கேலி பண்ணுவான். அதுவும் இனிக்கும்.

அன்று சாயங்காலமே ரெண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு வாங்கிவந்து கதவில் பொருத்தினேன். ரூத் வீங்கிய உதட்டோடு திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள்.

"இனிமே நானே வெளிய பூட்டிட்டுப் போயிருவேன். ஒரு சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். நீ எந்திரிக்க வேணாம்."

"அப்ப பாடம்?"

"தூங்கி எந்திரிச்சுப் படி. முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன தாயி?"

"நீங்கதான் எல்லார்ட்டயும் சொல்லி அம்புட்டு சந்தோசப்படுறீங்கள்ல."

திருப்புளி கைநழுவிக் காலில் விழுந்தது. வலித்ததாக நினைவில்லை.

வேலையில்லாத ஞாயிறு. மாதா கோயிலில் பூசைக்கு மணி அடித்தும் ரூத் எழவில்லை. மரியம்மாள் எழுப்பப் போனாள்.

"விடு, அடுத்த பூசைக்குப் போகட்டும்" என்று தடுத்துவிட்டு, பால் வாங்கக் கதவைத் திறந்தேன். கீல் கிறீச்சிட்டது.

ரூத் கண்ணைத் திறக்காமலே எழுந்து வந்தாள். அவள் கை கதவில் தாழ்ப்பாளைத் தடவித் தேடியது.

"போய்ட்டு வாங்கப்பா" என்றாள் தூக்கத்திலேயே.

தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து கீலில் ஊற்றினேன். சத்தம் நின்றுவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.