முதுகைக் காட்டி நின்ற ஆட்டம்

என் அண்ணன் வில்மார் ஊர்க் கால்பந்து கிளப்பில் பதினேழு வருடம் தடுப்பாட்டக்காரனாக இருந்தான். அதில் நான் பார்த்தது முதல் ஆட்டத்தின் ஆரம்பத்தை மட்டும்தான். அன்றைக்கு அவன் பந்தைச் சொந்த வலைக்குள்ளேயே தலையால் முட்டித் தள்ளினான். பக்கத்தில் நின்ற கறிக்கடை லெதெஸ்மா பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள வந்த நேரம்."

எங்கள் ஊர் பைசாந்துவில் அது போதும். லெதெஸ்மா, கிளப் ஜெயித்த அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கவே விடமாட்டார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். அதற்குப்பிறகு ஆட்டம் நடக்கும் நாளில் நான் கொல்லையில் துணி துவைக்க வேண்டும். ரேடியோ சத்தம் எனக்குக் கேட்காதபடி அம்மா கதவைத் தாழ்போட்டுவிடுவாள்.

தன்னுடைய கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் அண்ணன் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு நீ வர்ற, சுல்மா."

"தோத்துட்டா?"

"தோத்தா கிளப்பு ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடும். இருந்தாலும் நீ வர்ற. இதுக்கப்புறம் பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

மறுநாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலியோரம் போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் லெதெஸ்மா கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயோ, இவள யாருடா உள்ள விட்டது! டிரா பண்ணினாக்கூடப் போதும்னு உசுரக் கையில புடிச்சிட்டு நிக்கிறோம்!"

"வெளிய அனுப்புங்கய்யா!" என்றது கூட்டம்.

மாவுப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்த இர்மாதான் வழி சொன்னாள். "பாவம், இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கட்டும், அவ்வளவுதான."

திரும்பி நின்றேன். ஆட்டத்தை ஊர்க்காரர் முகங்களில் பார்த்தேன். இர்மா கரண்டியோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"உங்கண்ணன் ஒருத்தன் சட்டையக் கிழிச்சிட்டான். மஞ்சள் அட்டை."

லெதெஸ்மாவின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது, மெல்ல மூடியது. பந்து கம்பத்தில் பட்டுப் போயிருக்கிறது என்று நானே புரிந்துகொண்டேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியச் சில நிமிடங்கள்தான்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், அண்ணனின் குரல்.

"ஏய், ஊர்க்காரங்க மூஞ்சியப் பாக்கவா உன்ன வரச் சொன்னேன்?"

கோட்டுக்கு வெளியே போன பந்தை எறிய வந்திருக்கிறான்.

"திரும்ப விடமாட்டேங்கறாங்க அண்ணா."

"அவ திரும்பட்டும். அப்புறந்தான் எறிவேன்."

"டேய் வில்மார், விளையாடாத!" லெதெஸ்மா அலறினார்.

"விளையாடல மாமா. பந்த வச்சிக்கிட்டு சும்மா நிக்கிறேன்."

நடுவர் விசில் ஊதினார். நேரம் கடத்துவது தடுப்பாட்டக்காரர்களுக்குக் கைவந்த கலைதான். ஆனால் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கினால் அண்ணன் வெளியே. கூட்டம் என்னையும் நடுவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் திரும்பினால் கெட்டது நடக்கும். திரும்பாவிட்டால் அவனே இருக்கமாட்டான்.

"நடுவர் பாக்கெட்டுல கை வைக்கிறான்யா!" என்று இர்மா கத்தினாள்.

"திருப்புங்கடி அவள!" லெதெஸ்மாவே என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, தன் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் எறிந்தான். நேராக எதிராளியின் காலுக்கு. அவன் பந்தோடு எங்கள் வலையை நோக்கிப் பறந்தான். அண்ணன் பின்னால் ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறவன்போல இருந்தது. நானும் கண்ணை மூடப் பார்த்தேன். மூடவில்லை. எதிராளி உதைக்கக் காலைத் தூக்கிய நேரத்தில் அண்ணன் குறுக்கே சரிந்து, முழங்காலா கணுக்காலா என்று தெரியாத ஒரு காலால் பந்தை வீசி அடித்தான். அது கூரைக்கு மேலே, மதிலுக்கு மேலே, எங்கோ தெருவில் போய் விழுந்தது.

விசில். ஆட்டம் முடிந்தது.

லெதெஸ்மா கண்ணைத் திறந்து, இர்மாவிடம் ஒரு பணியாரத்தை வாங்கி என் கையில் திணித்தார்.

அண்ணன் சேறும் வியர்வையுமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

அவனைப்போலவே காலை வீசிக் காட்டினேன். என் தொளதொள ஷூ வேலியைத் தாண்டிப் பறந்துபோய் நடுவரின் காலடியில் விழுந்தது.