பாலத்துக்கு அந்தப் பக்கம்

சாப்பாடு டெலிவரிக்குப் பைக் ஓட்டும் சீட்டியின் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேன் ஷெட்டுக்குப் போனேன். அக்கா புருஷன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், போனைக் குடுங்க."

"வந்ததும் வராததுமா என்ன மாப்ள?"

"குடுங்கன்னா குடுங்க."

பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்காக நான் எழுதிய செயலி அது. விபத்து என்று ஒருவன் அழுத்தினால், செய்தி போன் விட்டுப் போன் தாவி எல்லோருக்கும் போகும். அடிபட்டவனைத் தூக்கிப்போக மச்சானின் வேன்தான் ஓடும். முழுப் பட்டியல் யாரிடமும் கிடையாது. இருந்தால் கம்பெனி அந்த ஒருவனை மிரட்டியே மொத்தப் பேரையும் வேலையிலிருந்து தூக்கிவிடும். ஒவ்வொரு போனுக்கும் ஏழெட்டுப் போன்களைத்தான் தெரியும். அந்த ஏழெட்டையும் முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏனென்றால் இந்த வேலையில் எவனும் நிலைப்பதில்லை. மாற்றாமல் விட்டால் தெரிந்தவன் ஒவ்வொருவனாக உதிர்ந்து, கூட்டம் இரண்டாகப் பிய்ந்துவிடும்.

மச்சானின் போனில் அந்த மாற்றல் அணைக்கப்பட்டிருந்தது.

"சார்ஜ் நிக்கலைன்னு பசங்க புலம்புனாங்க. நாந்தான் ஷெட்டுக்கு வர்ற எல்லாரையும் அணைக்கச் சொன்னேன். தெரிஞ்சவன் போதாதா, கண்டவனும் எதுக்கு? காலைல 'இருக்கீங்களா'ன்னு கேக்கறேன், எல்லாரும் இருக்கேங்கறான்."

"இருக்கறவன் இருக்கேன்னுதான் சொல்லுவான்! இல்லாதவனுக்கு நீங்க கேட்டதே போகலையே! பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன்கூட உங்க எவன் போன்லயும் இல்ல. சீட்டி அங்க விழுந்தப்ப இந்த வேன் எங்க இருந்துச்சு?"

"இங்கதான்... சும்மா நின்னுச்சு."

"லாரி ஏறின காலோட ரொம்ப நேரம் ரோட்டுல கிடந்து கத்தியிருக்கான். பாலத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் உங்களுக்கு?"

"காலேஜைப் பாதில விட்ட பய, எனக்கு வகுப்பெடுக்கறியா?" என்றார். குரல்தான் ஏறியது. ஈரத்துணி கையிலேயே இருந்தது.

"அந்தப் பக்கத்து ஒரே ஒரு போன் போதும். மாற்றலைத் திறந்தா மிச்சம் தானா ஒட்டிக்கும். உங்க தம்பி அங்கதானே ஓட்டறான்?"

"அவன் பேச்சை எடுக்காத."

மச்சானின் பழைய பைக் ஒன்றைத் தம்பி கேட்காமல் விற்றுவிட்டான். அந்த ரோஷத்தில் அவனைப் போனில் தடுத்து, செயலியிலிருந்தும் தூக்கியிருந்தார்.

"ஒரு ஓட்டை பைக்குக்கு ஒரு காலா, மச்சான்?"

நானே தடையை நீக்கி, தம்பியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"இப்பதான் நெனப்பு வந்துச்சா?" தம்பியின் குரல் ஷெட் தகரத்தில் மோதியது. "அழுத்து அழுத்துன்னு அழுத்தினோம். எங்காளுங்க எல்லாம் ஓடி வந்தாங்க, ஒருத்தன்கிட்டயும் பெரிய வண்டி இல்ல. பைக்ல வெச்சா தூக்கிட்டுப் போறது? உன் வேன் எங்கடா போச்சு?"

தம்பி அண்ணனை 'டா' போட்டான். அண்ணன் கேட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டு போனையும் செயலியில் இணைத்தேன். மாற்றலைத் திறந்ததும் திரையில் தெரியாத பெயர்கள் ஏறத் தொடங்கின. போனை அவர் கையில் திணித்தேன்.

"எல்லாரையும் திறக்கச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

தொண்டையைச் செருமி, குரல் பதிவை அழுத்தினார். "பசங்களா, இனிமே சார்ஜ் கொஞ்சம் கூடவே செலவாகும்..."

போனைப் பிடுங்கி, பதிவை அழித்தேன்.

"முதல்ல சீட்டியோட காலைச் சொல்லுங்க," என்றேன். "அப்புறமா சார்ஜ்."