மூச்சு விடாதீங்க, மாமா

1

இந்தக் கதை ஓர் ஆப்பிளில் தொடங்கியது. நான் கடித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் உயிரியல் நடத்தும் என் மனைவி, விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "அது இன்னும் மூச்சு விட்டுட்டுதான் இருக்கு, தெரியுமா?"

பறித்த பிறகும் பழம் ஆக்சிஜனை இழுக்குமாம், கரியமில வாயுவை வெளியே விடுமாம், அப்படி மூச்சு விட்டு விட்டுத்தான் பழுத்து அழுகுமாம். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நல்ல மனிதன் என்றால் பழத்தைக் கீழே வைத்திருப்பான். நான் கதை எழுத உட்கார்ந்தேன். (பழத்தையும் தின்று முடித்தேன். பொய் சொல்வானேன்.)

2

முதல் தொடக்கம்: "தவளை தோலாலும் மூச்சு விடும். வெட்டுக்கிளிக்கு உடம்பின் ஓரத்தில் துளைகள். மீனுக்குச் செவுள். ஆனால் மனிதன் மட்டும்"

இதோடு விட்டேன். 'மனிதன் மட்டும்' என்று தொடங்குகிற எதுவும் பிரசங்கத்தில்தான் போய் முடியும்.

இரண்டாம் தொடக்கம்: "குளிர்கிடங்கின் நாலாம் அறையில் ஆப்பிள்கள் தூங்கிக்கொண்டிருந்தன."

இது தேறும். அந்த அறையை இறுக்கி மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜனை ஒரு மெஷின் ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடும். பழங்கள் மூச்சைக் குறைத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் கெடாது. பழத்துக்கு அது தூக்கம். மனிதனுக்கு என்ன என்பதுதான் கதை.

மெஷினைப் பார்த்துக்கொள்பவரை மெஷின்காரர் என்போம். அவர் மனைவியின் தம்பி அதே கிடங்கில் பெட்டி தூக்குகிறான். முங்குநீச்சலில் கெட்டிக்காரன், அதனால் எல்லோருக்கும் அவன் 'மீன்'. (செவுள் கிடையாது.)

3

மீனின் அக்காவுக்கு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஆப்பிள் வேண்டும், அதுவும் நறுக்கென்று புளிப்பாக வேண்டும் என்கிறாள். கடையில் இருப்பதெல்லாம் மாவாக இருக்கிறது. அவள் கேட்கும் பழம் நாலாம் அறையில் மட்டும்தான் உண்டு. அதைத் திறக்கும் நாள் இன்னும் வரவில்லை.

சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் எல்லோரும் முன்வாசல் பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையின் பக்கச் சுவரில் ஆள் குனிந்து நுழையும்படி ஒரு சின்னக் கதவு. அதன் திருகுகளை மீன் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வேணாம்டா மாப்ள. உள்ள காத்தே கிடையாது."

"காத்து எதுக்கு மாமா? மூச்சைப் பிடிச்சுக்கிறேன். நாலு எட்டு வச்சா பெட்டி. ஒரே மூச்சுல போயிட்டு வந்துடுவேன்."

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சிடும்."

"அதான் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, மாமா."

இந்த வசனத்தை எழுதிவிட்டு எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். வாய் திறக்காதே என்று சொல்ல நம் மொழிக்கு வேறு வார்த்தையா இல்லை?

எல்லாம் தெரிந்த மெஷின்காரர் ஏன் அவனைத் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் அவர்மேல் அந்தச் சந்தேகம் உண்டு. அன்று காலை தன் மனைவி வாந்தி எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருந்தார். அதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை.

4

மீன் நெஞ்சு முட்டக் காற்றை இழுத்துக்கொண்டு நுழைந்தான். பெட்டியை அடைந்தான். சட்டைப்பையில் ஒரு பழம், கையில் இரண்டு. திரும்பியும்விட்டான். வெளியே நின்றவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாப்ள, எடுத்துட்டியா?"

அக்கா வீட்டுக்காரர் கேட்டு அவன் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது.

"வந்துட்டேன் மாமா."

பேச மூச்சை விட வேண்டும். விட்டால் இழுக்க வேண்டும். இழுத்தான்.*

* மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல. பெரும்பாலும் கரியமில வாயு உள்ளே சேர்வதால்தான். அந்த அறையில் அதைத் தாராளமாக வெளியே விடலாம். ஆகவே முட்டாது. நல்ல ஆப்பிள் வாசனை வரும். இன்னொரு முறை இழுப்பான். முழங்கால் மடியும். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

5

என் மனைவி இதுவரை படித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டாள்.

"அந்தக் கேள்விய அழிச்சிடுங்க. 'எடுத்துட்டியா'வாம்!"

"அழிச்சுப் பாத்தேன். அந்த மனுஷன் கேக்காம நிக்க மாட்டேங்கிறார்."

"எழுதறது நீங்களா, அவரா?" தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "வயித்துல இருக்கிற பிள்ளை காத்தை இழுக்காது. அம்மா இழுக்கிற மூச்சுலதான் அதுக்கும் பங்கு. இவனைத் தூக்கப் போய் அவரும் உள்ள விழுந்துட்டா, வீட்ல அவ ஒருத்தி ரெண்டு உசுருக்கு மூச்சு விடணும். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். இந்த அறைகளில் விழுந்தவனைவிடத் தூக்கப் போனவனுக்காகத்தான் எனக்குப் பயம். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவான். கனமான உடம்பை இழுக்கும்போது பிடி நழுவிவிடும்.

6

முடிவு ஒன்று: மெஷின்காரர் உள்ளே பாய்ந்து, மச்சானின் அக்குளில் கைகொடுத்து

(வேண்டாம். மேலே சொன்னதுதான் நடக்கும்.)

முடிவு இரண்டு: மெஷினை நிறுத்திவிட்டுப் பெரிய கதவைத் திறக்க ஓடுகிறார். காற்று உள்ளே நிறைவதற்குள்

(இதுவும் வேண்டாம்.)

முடிவு மூன்று: முகமூடியும் காற்று உருளையும் முன்வாசலில், சூப்பர்வைசர் அறையில் மாட்டியிருக்கின்றன. இவர் ஓடிப்போய் எடுத்துவர நேரம் பத்தாது. கத்தினால் அங்கே சாப்பிடுகிறவர்கள் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். வேலை போகும். யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று மீன் கேட்டதும் வீணாகும்.

மூன்றாவதுதான் சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் என்னால் எழுத முடியவில்லை. நான் அவர் வாயில் கடைசியாக வைத்த இரண்டு வார்த்தைதான் அந்தப் பையனைக் கீழே தள்ளியது. இன்னொரு வார்த்தை வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே இப்படி நிறுத்துகிறேன். சின்னக் கதவுக்கு அப்பால் மீனின் செருப்புக் கால்கள் தெரிகின்றன. ஓர் ஆப்பிள் உருண்டு வந்து அவர் காலடியில் நிற்கிறது. அவர் நெஞ்சு முட்டக் காற்றை இழுத்துவிட்டார். அவரிடம் இருப்பது அந்த ஒரு மூச்சு. பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம், இல்லை விடலாம்.

நீங்கள் இவ்வளவு நேரமும் மனசுக்குள்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த வசனத்தை மட்டும் எனக்குப் பதிலாக வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் இருப்பவர்கள் என்னவென்று ஓடி வரட்டும், பரவாயில்லை.

மெஷின்காரர் வாயைத் திறக்கிறார்:

"