ஓரத்தில் ஒட்டிய ஈயம்

பதினெட்டு வருஷம் குளிர்பான லாரியில் பெட்டி ஏற்றி இறக்கிய வால்டரிடம், 1983-இல் கம்பெனி நூலில் விட்டுச் சுழற்றும் ஒரு யோ-யோவைக் கொடுத்தது. மலேசியாவின் கூலிம் வட்டாரத்து ரப்பர் தோட்டக் கடைகளில் அதைச் சுற்றிக் காட்ட வேண்டும். பத்து போத்தல் மூடி கொண்டுவந்தால் யோ-யோ இனாம். நாற்பத்தாறு வயதில் இந்த வேலை. ஒரு நாளைக்கு ஆறு கடை. மணிக்கட்டு வீங்கிப் போயிற்று.

மெல்லிய பிளாஸ்டிக் யோ-யோ அது. கனமெல்லாம் நடு அச்சைச் சுற்றியே இருந்தது. கீழே விட்டால் நாலு விநாடி சுற்றிவிட்டுத் தொங்கிவிடும். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மறுபடி மறுபடி நூலைச் சுற்றுவதுதான் அவருக்கு அலுப்பு.

கடலோரக் கோத்தா கோலா மூடாவுக்குப் போனபோது, மீன் வலையில் கட்டும் ஈயம் கொஞ்சம் வாங்கி வந்தார். முதலில் நடுவில் ஒட்டினார். விரல் இழுபட்டதுதான் மிச்சம். பிறகு ஈயத்தைத் தட்டி நாடாவாக்கி, விளிம்பின் உட்புறம் ஒட்டினார். ஒரு பக்கம் கனத்துச் சாய்ந்து, நூலில் உரசி நின்றது. இரண்டு பக்கமும் சமமாகும்வரை கத்தியால் சீவினார். மனைவி ஜோசபின் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பதினாலு விநாடி.

"அதே ஈயந்தானே? நடுவுல வச்சப்ப ஏன் சுத்தல?"

"நடுவுல வச்சது கொஞ்சமாத்தான் நகருது. ஓரத்துல வச்சது பெரிய வட்டமா ஓடுது. அந்த ஓட்டம் சுலபத்துல அடங்காது."

"எல்லாருக்கும் இப்படிச் செஞ்சுதான் கொடுப்பீங்களா?"

வால்டர் மிச்ச ஈயத்தைப் பொட்டலம் கட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. மூடிகள் வந்து குவிந்தன. மூன்றாம் வாரம் ஒரு தோட்டத்துக் கடையில், ரப்பர் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டும் பாப்பம்மா தன் யோ-யோவை நீட்டினாள். ஐம்பது தாண்டியவள்.

"தம்பி, ஒரு வாரமா விட்டுப் பாக்கறேன். ஒங்களது நின்னு சுத்துது, என்னோடது உடனே செத்துப்போவுது. என் கைதான் சரியில்லையா?"

அன்று காலை நானூறு மரம் வெட்டிய கை அது. பழகப் பழக வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வால்டருக்கு அதைச் சொல்லவும் தெம்பில்லை.

"கை நல்லாத்தான் இருக்கு அக்கா. என்னோடதுல ஈயம் இருக்கு."

தன்னுடையதைக் காட்டினார். மிச்ச ஈயத்தை எடுத்து, அங்கேயே காலிப் பெட்டியில் உட்கார்ந்து அவளுடையதிலும் ஒட்டினார். பாப்பம்மா விட்டாள். சுற்றியது, வெகுநேரம் சுற்றியது. பின்னால் ஏழெட்டுப் பேர் யோ-யோவோடு வரிசையில் நின்றார்கள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் தர்மலிங்கம் கூப்பிட்டார்.

"கம்பெனி சாமானைக் கொறை சொன்னீங்களாமே, வால்டர்?"

"ஓரத்துல கனம் பத்தலைன்னு சொன்னேன், சார்."

"அத ஏன் நீங்க சொல்லணும்லா?"

மறுநாள் முதல் மறுபடியும் லாரி. பெட்டிகள் முன்பைவிடக் கனப்பதுபோல் இருந்தது. மணிக்கட்டு வலியும் குறையவில்லை. ஆனால் கடை வாசலில் யாரும் நின்று அவரைப் பார்க்கவில்லை; ஈயத்தை மறைத்து வித்தை காட்டவும் வேண்டியதில்லை. அதுவே போதும் என்று அவருக்குத் தோன்றியது.