வேற்றூர்ச் சீட்டு

அறைக் கதவின் தாழ்ப்பாளை லெஸ்லி வெளிப்பக்கமாக மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் தம்பி ஆலன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். ஏன் என்று கூடக் கேட்கவில்லை. அம்மா ரோசலின் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாழ்ப்பாள் மிகவும் எளிய சாமான். ஒரு கம்பி, அது ஓட ஒரு தடம், போய் உட்கார நிலையில் ஒரு துளை. நாலு திருகாணியைக் கழற்றிக் கதவின் மறுபக்கத்தில் முடுக்கினால், உள்ளே இருப்பவனுக்காக வைத்தது வெளியே இருப்பவர்களுக்கு ஆகிவிடும். லெஸ்லி இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஆனாலும் அப்பாவின் கைவேலை அவனிடம் இருந்தது. அப்பா வால்டர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே சொன்னார்: "ஒரே ஸ்க்ரூவை முதல்லயே முடுக்காதே. நாலையும் லூசா போட்டுட்டு அப்புறம் டைட் பண்ணு. இல்லைன்னா கோணிக்கும்."

"அவன் பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணுவான்?" என்றாள் ரோசலின்.

"பூசை முடிஞ்சு வந்துடப் போறோம் மம்மி. மாப்பிள்ளையோட சித்தப்பா சாப்பிட வராரு. அவர் கிளம்பற வரைக்கும்தான்."

"பெத்த பிள்ளையைப் பூட்டி வெச்சுட்டு விருந்தா?"

"பூட்டு எங்க போட்டேன்? தாழ்ப்பாள்தானே. சும்னே இரு மம்மி."

கண்ணாடி முன்னால் நின்று முந்தானைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த மகள் ஷாரன் திரும்பாமலே சொன்னாள்: "என்னைப் பார்க்காதே மம்மி. நான் கேட்டேனா இதை?" அவள் கேட்கவில்லைதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று ஷாரனுடைய கல்யாணத்துக்கு இரண்டாவது ஓலை. கத்தோலிக்க வீடுகளில் இது ஒரு முக்கியமான ஏற்பாடு. அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண்ணின் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்பார். பெண் வீட்டார் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் கோயிலிலும் வாசிப்பார்கள். சாமியார் கேட்கும் தடைகள் சில உண்டு. ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, நெருங்கிய ரத்த உறவா, கட்டாயப்படுத்திச் செய்கிறார்களா என்பவை. பெண்ணின் தம்பிக்கு மனநோய் என்பது திருச்சபையின் எந்தப் பட்டியலிலும் கிடையாது. தெருவின் பட்டியலில்தான் இருந்தது.

ஆலனுக்கு இருபத்துநாலு வயது. மூன்று வருஷமாக அவனுக்கு இந்தச் சோர்வு. முதலில் தூக்கம் போனது, பிறகு பசி, பிறகு பேச்சு. மைசூரில் மனநல டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலேயே தனிப் பிரிவு உண்டு, வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். ஆனால் வால்டருக்கு அந்தக் கால் மணி நேரம்தான் பிரச்சினை. "அங்க நர்சுங்கள்ல பாதிப் பேர் நம்ம கோயில் ஜனங்க ரோசி. சீட்டு எழுதற இடத்துல நம்ம பாடகர் குழுப் பொண்ணு உட்கார்ந்திருக்கு. மத்தியானத்துக்குள்ள செய்தி தெருவுக்கு வந்துடும்." ஆகவே மாதம் ஒருமுறை ஆலனைக் கொள்ளேகாலுக்குப் பஸ்ஸில் அழைத்துப்போனார். அங்கே சீட்டில் அவன் பெயர் சந்தோஷ்குமார். ஊர், வால்டரின் வாயில் அந்த நிமிஷம் வந்த ஏதோ ஓர் ஊர்.

சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் மாத்திரை வேலை செய்தது. ஆலன் சாப்பிட்டான், செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குப் போனான், அக்காவைக் கிண்டல் பண்ணினான். அப்புறம்தான் ஷாரனுக்கு இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு மார்டள்ளி. அந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தை, துணிக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கொள்ளேகால். பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்துவிட்டால்? நிச்சயதார்த்தம் முடிந்த மாதமே பயணம் நின்றது. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் வால்டர். ஆலன் பெங்களூரில் வேலை பார்ப்பதாகச் சம்பந்திகளிடம் சொல்லப்பட்டது. கடையிலிருந்தும் அவனை நிறுத்திவிட்டார்கள்.

இந்த வகை மாத்திரை தலைவலி மாத்திரை போல அல்ல. உடம்பில் மெல்ல ஏறும், மெல்லவே இறங்கும். நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் தெரியாது. "பார்த்தியா, மாத்திரை இல்லாமலேயே நல்லாத்தான் இருக்கான்" என்று வால்டர் சந்தோஷப்பட்டதும் அந்த வாரம்தான். இப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ரோசலின் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மனநல உதவிக்கான அரசாங்க இலவச எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டியவளே அவள்தான். பிள்ளைகளின் கண்ணுக்குப் படும் உயரத்தில் இருக்கட்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லி, இறக்கி ஒட்டியிருந்தாள். இரண்டாவது ஓலைக்கு அடுத்த புதன்கிழமை மத்தியானம், அதன் முன்னால் குனிந்து நின்று எண்ணைப் படித்தாள். மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்து அழைத்தாள்.

எந்த மொழி வேண்டும் என்று குரல் கேட்டது, கன்னடத்தை அழுத்தினாள். எடுத்தவள் பெயர் ஸ்வாதி. இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசுங்கம்மா, நனக்கும் ஸ்வல்ப தமிழ் வரும்" என்றாள். அவசரப்படாமல், ஒன்று முடிந்து ஒன்றாகக் கேட்டாள். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா. சாவைப் பற்றிப் பேசுகிறானா.

"எல்லாருக்கும் பாரமா இருக்கேன்னு சொல்றான்."

"இப்ப கூட யார் இருக்காங்க?"

விருந்து முடிந்த பிறகும் தாழ்ப்பாள் வெளிப்பக்கத்திலேயே இருந்தது. இப்போது அதுதான் கூட இருந்தது.

"அம்மா, கேளுங்க. அவரைத் தனியா விடக் கூடாது. இதுதான் முதல் விஷயம். பக்கத்துல உட்கார்ந்தா போதும், புத்தி சொல்ல வேண்டாம். சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. அவர் போறதுக்கு ஏற்பாடு பண்ற மாதிரி பேசினா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. எந்தப் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டிக்கும் கூட்டிட்டுப் போகலாம். நான் வேணும்னா ஆம்புலன்சுக்குச் சொல்றேன். அட்ரஸ் கொடுங்க."

அந்த எண்ணின் முழு ஏற்பாடும் வந்து நிற்கும் இடம் இது. இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஆள், அந்தப் பக்கம் வண்டி, டாக்டர், கட்டில். நடுவில் ஒரு விலாசம் மட்டும் வேண்டும். ரோசலின் தன் தெருவை நினைத்தாள். சைரன் சத்தத்துக்கு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதை நினைத்தாள்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்மா."

"சரிம்மா. நாளைக்கு நானே கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்றாள் ஸ்வாதி.

சொன்னபடியே வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். விலாசத்தைச் சொல்லிவிடுவது என்று ரோசலின் அதற்குள் முடிவு செய்திருந்தாள். ஆனால் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது; அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வால்டர் எடுத்துவிட்டார். மறுபக்கம் பேசியதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மரியாதையாகவே சொன்னார்: "அப்படி யாரும் இங்க இல்லைம்மா. ராங் நம்பர்."

போனைத் திரும்பவும் சார்ஜில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். ரோசலின் நிற்பதைப் பார்த்தார். "இன்னும் மூணே நாள் ரோசி" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். "ஷாரனுக்கு இருபத்தொன்பது ஆகுது. இதுக்கு முன்னால ரெண்டு எடம் கைவிட்டுப் போச்சு. மூணு நாள் பொறுத்துக்க." அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ரோசலின் ஆலனுக்குக் காபி கொண்டுபோனாள். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் கழுவி, தலை வாரியிருந்தான். இத்தனை நாளில் அவன் இப்படித் தெளிவாக இருந்து அவள் பார்க்கவில்லை.

"இன்னையோட ஓலை முடியுதில்ல மம்மி?"

"முடியுதுடா."

"அக்காவுக்கு என்னால தொந்தரவு வராது. நீ கவலைப்படாம போயிட்டு வா."

டம்ளரை அவள் ஜன்னலோரம் வைத்தாள். ஸ்வாதி சொல்லிக் கொடுத்தபடியே நேராகக் கேட்டாள். "செத்துப் போகணும்னு நினைக்கிறியாடா?"

அவன் அவளைப் பார்த்தான். இவ்வளவு நாள் இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவனைப் போல, ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு அழுதான்.

ரோசலின் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் வால்டர் செருப்பு மாட்டிக்கொண்டு கூப்பிட்டார். "நான் வரலை" என்றாள்.

"அம்மாக்காரி இல்லாம ஓலையா? ஜனங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"காய்ச்சல்னு சொல்லுங்க. பொய் சொல்றது நமக்குப் புதுசா?"

லெஸ்லி கையைப் பிசைந்தான். கோயில் மணி அடித்துவிட்டது. அவர்கள் போனார்கள். போகிற அவசரத்தில் யாரும் தாழ்ப்பாளைப் போடவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து ரோசலின் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவையோடேயே தெருமுனைக்கு நடந்து ஆட்டோ பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவால்ட்டியில் இருந்தவள் சின்ன வயசு டாக்டர். ஆலனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். பிறகு ரோசலினிடம் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"பேஷண்ட் பேரு ஆலன்னு சொல்றீங்க. இதுல சந்தோஷ்குமார்னு இருக்கு. இது யாரோட மாத்திரை?"

"இவனோடதுதான் டாக்டர்."

"இதை நம்பி நான் எப்படி மருந்து எழுதுவேன்? ஆள் மாறி இருந்தா?" டாக்டர் கோபப்படவில்லை, அது எப்படி என்று விளக்கினாள். எத்தனை மில்லிகிராம், எப்போது கூட்டினார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் கொள்ளேகாலில் ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டோ, உலகத்திலேயே இல்லாத ஒருவன் பேரில் இருக்கிறது. மூன்று வருஷ வைத்தியம் ஆலனுக்கு நடந்ததாக எங்கேயுமே பதிவில்லை. மனநல டாக்டரிடம் போனில் பேசிவிட்டுத் தூங்குவதற்கு ஊசி மட்டும் போட்டாள். "இன்னைக்கு இங்க இருக்கட்டும். நாளைக்குக் காலையில ஓபியில கார்டு போட்டுப் பெரிய டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் நீங்க ஒரு நிமிஷம்கூட விலகக் கூடாது. பாத்ரூமுக்குப் போனாலும் வாசல்ல நில்லுங்க."

போனில் செய்தி கேட்டு, சாயங்காலம் வால்டர் வந்தார். கட்டில் ஓரமாக நின்று தூங்கும் மகனைப் பார்த்தார். "ஓலை முடிஞ்சுது" என்றார். "யாரும் ஒண்ணும் சொல்லல." ஆலனின் ஆதார் கார்டைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு யாராவது வந்தால் ஆள் வேண்டுமே என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை ஓபியில் கூட்டம் கதவு வரைக்கும் நின்றது. முதலில் கவுண்ட்டரில் பெயர், ஊர் சொல்லிக் கார்டு போட வேண்டும். கார்டு உள்ளே போகும். அட்டெண்டர் வெளியே வந்து பெயர் கூப்பிடுவான். மூன்று தரம் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் கார்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பான். ரோசலின் ஆலனின் மணிக்கட்டைப் பிடித்தபடி வரிசையில் நகர்ந்தாள். அவர்களுக்கு முன்னால் முக்காடு போட்ட ஓர் அம்மாள், பக்கத்தில் மெலிந்த பையன். அவன் தன் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தான், முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

"ஹெசரு?" என்றாள் கவுண்ட்டர் பெண்.

"கணேஷ்குமார்."

"ஊரு?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "குண்டல்பேட்டே."

ரோசலினுக்கு அந்த யோசனை தெரிந்தது. பொய்யாக ஓர் ஊரைத் தேடுகிற அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பற்றி வால்டர் சொல்லி அவள் கேட்டிருந்தாள். குரலும் தெரிந்தது. கார்டை வாங்கிக்கொண்டு திரும்பி, மகனிடம் "அப்படி ஓரமாக் குந்திக்க கண்ணு, கூப்புடுவாங்க" என்றபோது முகமும் தெரிந்தது. சவரியம்மா. மாப்பிள்ளையின் தாயார். இளையவன் செமினரியில் சாமியாருக்குப் படிக்கிறான் என்று நிச்சயதார்த்தத்தன்று பெருமையாகச் சொன்னவள். மார்டள்ளிக்காரர்கள் பார்க்காத ஊர் என்று தேடி, விடியற்காலை பஸ் பிடித்து மைசூருக்கு வந்திருந்தாள்.

சவரியம்மா இன்னும் பார்க்கவில்லை.

"ஹெசரு ஹேளம்மா" என்றாள் கவுண்ட்டர் பெண். இரண்டடி தூரத்தில் சம்பந்தி. ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஏதாவது ஒரு பெயர். நேற்று அந்தச் சின்ன டாக்டர் கையில் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்த சீட்டு நினைவுக்கு வந்தது.

"ஆலன்" என்றாள். "அப்பா பேரு வால்டர். ஊரு மைசூருதான்."

சவரியம்மாவின் தலை திரும்பியது. முதலில் ரோசலினை, பிறகு ஆலனை, பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ரோசலின் சிரிக்க முயன்றாள். ஒன்றுமில்லை, உட்காருங்கள், நானும்தான் என்று சொல்லப் பார்த்தாள். அதற்குள் சவரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பையனின் தோளைத் தொட்டாள். "எந்திரி கண்ணு. போலாம்."

"டாக்டரு?"

"இன்னொரு நாளைக்கு வரலாம். நட."

அவன் விரல் எண்ணுவதை நிறுத்தாமலே நடந்தான். ரோசலின் ஓரடி எடுத்து வைத்தாள். ஆலனின் கை அவள் கையில் கனத்தது. அவனை விட்டுவிட்டு ஓட முடியாது. அவனையும் இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் வேகமாகப் போகவும் முடியாது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? உண்மைப் பெயர் சொன்னால் இத்தனை பேர் நடுவில் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். கதவோரக் கூட்டம் விலகி, இருவருக்கும் வழிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

அட்டெண்டர் உள்ளேயிருந்து கார்டோடு வந்தான்.

"கணேஷ்குமார்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"கணேஷ்குமார், குண்டல்பேட்டே."

ஆலன் அம்மாவைப் பார்த்தான். "அவங்க போயிட்டாங்க மம்மி. சொல்லேன்."

ரோசலின் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டெண்டர் மூன்றாம் தரமும் கூப்பிட்டான். சுற்றிப் பார்த்தான். கார்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.