விலாவைக் கட்டக் கூடாது

வார்டுக்குள்ள நுழைஞ்சதுமே தலைமை நர்ஸ் என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தாங்க. "ஜன்னலோரப் படுக்கையில உங்க அத்தான். குடிச்சிட்டு மாடிப்படியில உருண்டிருக்கார். இடது பக்கம் மூணு விலா எலும்பு முறிஞ்சிருக்கு. வேற ஆளை வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? நானே பாத்துக்கறேன்"னேன். பொய் சொல்ல மாட்டேன், சொல்லும்போதே வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

என் வேலை நோயாளிகளை மூச்சு விட வைக்கிறது. இதுக்கெல்லாமா சம்பளம்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க. விலா எலும்பு முறிஞ்சவனைக் கேட்டுப் பாருங்க, தெரியும். பக்கத்துக்குப் பன்னிரண்டு எலும்பு. மேல ஏழும் நேரா நெஞ்செலும்புல போய்ச் சேரும். அடுத்த மூணுக்கு அந்தத் தெம்பு இல்ல, மேல இருக்கிறதைப் பிடிச்சுத் தொங்கும். கடைசி ரெண்டும் யார் தயவும் வேணாம்னு முதுகுலேர்ந்து வந்து பாதியிலயே நின்னுடும். இதயத்தையும் நுரையீரலையும் காக்கிற கூடுதான், ஆனா இரும்புக் கூண்டு இல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் வாளியோட கைப்பிடி மாதிரி பக்கவாட்டுல ஏறி இறங்கணும். அப்பதான் நுரையீரலோட அடி வரைக்கும் காத்து போகும். வலிக்குதேன்னு மேலோட்டமா மூச்சு விட்டா அடியில சளி தேங்கும், கிருமி குடியேறும், ஆள் காலி. அதனாலதான் விலாவைச் சுத்தி இறுக்கிக் கட்டவே கூடாதுங்கறோம். வலிக்கு மருந்து கொடுத்து, தலையணையை அணைச்சுக்கச் சொல்லி, இரும வைப்போம்.

எங்க அக்கா அப்படிக் கட்டினதாலதான் செத்தா. எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் முடியல.

போன வருஷம் இதே ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிட்டு வந்தப்ப நாடி நின்னுபோச்சு. நெஞ்சை அமுக்கிப் பாத்தாங்க, பலன் இல்ல. "காய்ச்சல்னு படுத்திருந்தா, இப்படி ஆகும்னு நினைக்கலையே"ன்னு அத்தான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். அத்தான்ங்கறது வாய்ப் பழக்கம், மரியாதை எப்பவோ போயாச்சு. அக்காவுக்குத் துணி மாத்தினது நான். விலாவைச் சுத்திப் பட்டையா ஒரு தடம். கை வெச்சா உள்ள எலும்பு நறநறன்னுது. அமுக்கினப்ப முறிஞ்சிருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அமுக்கினா முன்பக்கம் முறியும். இவளுக்கு முறிஞ்சது பின்னால, முதுகை ஒட்டி. உதை விழற இடம். நாயாக் கத்தினேன். துக்கத்துல உளர்றா பாவம்னு என்னைத்தான் பிடிச்சு உக்கார வெச்சாங்க. "கட்டு ஏதாவது போட்டீங்களா?"ன்னு அவன் சட்டையைப் பிடிச்சேன். "சத்தியமா இல்லம்மா. அவளுக்கு அடியே படலையே"ன்னான். மறுநாளே எரிச்சாச்சு.

இப்ப அதே ஆள் ஜன்னலோரமா முனகிக்கிட்டுக் கிடந்தான். பக்கத்துல அவன் அம்மா, எங்களுக்கு அத்தை, கையில கஞ்சிக் கிண்ணத்தோட.

"வாம்மா. நம்ம வீட்டுப் பொண்ணு நீ இருக்கே, அது போதும்"னாங்க.

நம்ம வீட்டுப் பொண்ணாம்! "மருந்து ஏறியாச்சுல்ல? எழுந்து உக்காருங்க அத்தான்"னு தலையணையை அவன் மார்போட அணைச்சு வெச்சேன். "மூச்சை இழுங்க. ம், இன்னும். இப்ப இருமுங்க."

இருமினான். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டிச்சு.

"இது தொண்டையிலேர்ந்து வர்ற இருமல். அடியிலேர்ந்து வரணும். இன்னொரு தடவை."

ஒரு விதியையும் மீறல. யார் வந்து நின்னு பாத்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனா ரசிச்சு செஞ்சேன். அவன் ஐயோன்னு அலறும்போதெல்லாம் அக்காவும் இப்படித்தானே அலறியிருப்பான்னு தோணும். எனக்குப் பத்தவே இல்ல.

"போதும்மா, பிள்ளை துடிக்கிறான்"னு அத்தை கெஞ்சினாங்க.

"கட்டுப் போடு!"ன்னு அவன் பல்லைக் கடிச்சான். "இறுக்கி ஒரு கட்டுப் போட்டு விடு, போதும்!"

என் பையில அகலமான கட்டுத்துணி இருந்துச்சு. கேட்டதைக் கொடுத்துட்டுப் போயிடலாமா? கை பை வரைக்கும் போயிடுச்சு. கட்டினா செத்துடுவான். செத்துட்டா நல்லவன்னு சொல்லி அழுவாங்க. சீ, அது வேணாம்.

அவனை எனக்கு நல்லாத் தெரியும். பொம்பளை எதிர்த்துப் பேசினா தலைகால் புரியாது. அந்த இடத்துலயே வார்த்தையால குத்தினேன்.

"கட்டினா வலி நிக்குமா? உங்களுக்கு என்ன தெரியும் அத்தான்? பேசாம இருமுங்க. ஆம்பளைதானே, சின்னக் குழந்தை கூட இப்படி அழாது."

"எனக்கா தெரியாது?"ன்னு கத்தினான். "உங்க அக்காவுக்குக் கட்டினவனே நான்தான்டி! இறுக்கிக் கட்டின பிறகுதான் கத்தாம கிடந்தா!"

பக்கத்துப் படுக்கைக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்த தலைமை நர்ஸ் மெதுவாத் திரும்பினாங்க.

"அவளுக்கு அடியே படலன்னியேடா"ன்னாங்க அத்தை.

"அது வந்தும்மா... கோவத்துல ஒரு தடவை..."

"மூச்சு முட்டுது அத்தைன்னு என் கையைப் பிடிச்சாடா அவ! நடிக்காதேடின்னு உதறிட்டேனே!" கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்தாங்க. அவன் எட்டிப் புடவையைப் பிடிச்சான். விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்துட்டு, நர்ஸ்கிட்ட போய், "கேட்டீங்கல்லம்மா? நானும் கேட்டேன். யாருக்குச் சொல்லணுமோ சொல்லுங்க"ன்னாங்க.

நர்ஸ் போனை எடுத்தாங்க.

அவன் சுவரோட ஒண்டிக்கிட்டான். மூச்சு மேலமேல ஓடிச்சு. நான் கையை நீட்டினதும் தலையணையை இழுத்து அணைச்சுக்கிட்டான். "என்னை என்ன பண்ணப் போறே?"

"காப்பாத்தப் போறேன்"னு சொல்லி நிமிர்த்தி உக்கார வெச்சேன். "போலீஸ் வர்றாங்க. அடுத்து கோர்ட்டு. இப்ப சொன்னதை அங்கயும் சொல்லணும், நடுவுல மூச்சு வாங்கக் கூடாது. இழுங்க அத்தான்."

அழுதுக்கிட்டே இழுத்தான்.