ஜோதிகாவுக்கு ஒரு மெத்தை

காலாண்டு லீவுக்கு அப்பாவிடம் வந்திருந்த ஜோதிகா, இரண்டாம் நாளே அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுதுவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. பாண்டீஸ்வரன் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த ஸ்பாஞ்சு மெத்தையில் படுத்து எழுந்தால் தலைமுடி தொப்பலாக நனைந்திருக்கும். முதுகு முழுக்க வேர்க்குரு. பொங்கலுக்கு அவள் வரவே இல்லை. அவள் அம்மா யுவராணி அவனைப் பிரிந்து மதுரைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மகளைப் பார்ப்பது லீவுக்கு லீவுதான்.

மே மாதம் பத்து நாள் அனுப்புவதாக யுவராணி ஒத்துக்கொண்டதும், மிளகாய்க் காட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு உச்சிப்புளிக்குப் பஸ் ஏறினான். அங்கே வாவு முகம்மது மெத்தைக் கடை வைத்திருந்தார். தொட்டால் ஜில்லென்றிருந்த ஒரு விரிப்பை எடுத்துக் காட்டி, பிள்ளைக்கு வேர்க்காமல் இருக்குமா என்று அவன் கேட்டபோது, அவர் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் பிடித்தார். நூல் உருகி மணியாகத் திரண்டது. பாலியஸ்டர் கலந்தது, காற்று புகாது என்றார். இன்னொன்றில் உருவிய நூல் சாம்பலாக உதிர்ந்தது. அதுதான் சுத்தப் பருத்தி.

"பிள்ளைக்கு எங்கன வேர்க்கும் தம்பி? தலையிலயா, முதுகுலயா? எப்பிடிப் படுக்கும்?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடை வாசலுக்கு வந்து யுவராணிக்குப் போன் போட்டான். மகள் வரும் தேதியைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சில்லாமல் போயிருந்தது.

கடைக்காரர் கேட்டதை அவளிடம் கேட்டான். "தலைதான் வேர்க்கும். தலையணை வேணாம். கவுந்து, ஒத்தக் காலை மடக்கிக்கிட்டுப் படுப்பா," என்றவள், "உங்கள மாதிரிதான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் கடைக்குள் திரும்பினான்.

இலவம்பஞ்சை மெலிசாக அடைத்து, பருத்தி உறை போட்டுத் தைக்கச் சொன்னான். விரிப்பைக் கஞ்சி போக மூன்று தண்ணீரில் அலசினான். மெத்தையைத் தினமும் வெயிலில் போட்டு எடுத்தான்.

ஜோதிகா வந்த அன்று மத்தியானம், சாப்பிட்ட கையோடு அதில் கவிழ்ந்து தூங்கிப்போனாள். பிடரியில் கை வைத்துப் பார்த்தான். லேசான ஈரம், அவ்வளவுதான். ஒற்றைக் கால் மடங்கியிருந்தது. கிணற்று மோட்டாரைப் போடப் போக வேண்டியவன், போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

பத்து நாளும் பிள்ளை அழவில்லை. கிளம்பும்போது, "அய்யா, இத நான் கொண்டு போகவா? அங்கனயும் வேர்க்குது," என்று அப்பாவிடம் கேட்டாள். மெத்தை இங்கேயே கிடந்தால் மறுபடி வருவாள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு இருந்தது. இருந்தாலும் அதைச் சுருட்டிக் கயிறு போட்டான்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் யுவராணி காத்திருந்தாள். மெத்தையைத் தடவிப் பார்த்தாள். நீயும் ஒருநாள் வா என்று சொல்ல வாயெடுத்தான்.

"வாரத்துக்கு ஒருக்கா வெயில்ல போடு," என்றுதான் வந்தது.

"போடுறேன்," என்றாள்.

மதுரை பஸ் கிளம்பிப் போனது. அவன் தன் ஊருக்குப் போகிற பஸ் இரண்டை விட்டுவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.